பெட்டிச் சேலையும் பிள்ளை ரத்தமும்: கரிசல் வீட்டுக்குச் சில குறிப்புகள்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மண் காலில் போட்ட செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அப்படி ஒரு மழை வாரத்தில்தான் என் அக்கா பேரனுக்கு, ஐந்து மாதப் பிள்ளைக்கு, திடீரென்று முடியாமல் போனது. காய்ச்சல் இல்லை. பால் குடிக்க மறுத்தான், உதடு வெளுத்தது, வெள்ளை விழியில் மஞ்சள் ஏறியது. மூன்றாம் நாள் தொட்டிலுக்குக் கீழே விழுந்த மூத்திரம் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது.

வந்து பார்த்தவர்கள் எல்லோரும் மஞ்சக்காமாலை என்றார்கள். கீழாநெல்லியை அரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். அக்கா காதில் வாங்காமல் ஆட்டோ பிடித்தாள். அன்றைக்கே பிள்ளைக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து கொடுத்தீங்க?" இரண்டாவது கேள்விதான் எங்களுக்கு விளங்கவில்லை: "வீட்ல பாச்சை உருண்டை இருக்கா?"

இருந்தது. எங்கள் ஆச்சியின் தகரப் பெட்டி நிறைய. அந்தப் பெட்டியிலிருந்து எடுத்த பழைய சுங்குடிச் சேலைதான் பிள்ளைக்குத் தொட்டில்.

ரத்தச் சிவப்பணுவுக்குள் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டீஹைட்ரஜனேஸ் என்று ஒரு நொதி உண்டு. சுருக்கமாக ஜி6பிடி. சில பொருள்கள் உடம்புக்குள் போனால் இரும்பில் துரு ஏறுவதுபோலச் சிவப்பணுவை அரிக்கும். அந்த அரிப்பைத் தடுத்து நிறுத்துவது இந்த நொதியின் வேலை. பிறவியிலேயே அது குறைவாக உள்ளவர்கள் உலகில் ஏறத்தாழ 40 கோடிப் பேர். பெரும்பாலோர் ஆயுசு முழுக்க ஒன்றும் தெரியாமலே இருந்துவிடுவார்கள். தீப்பெட்டி ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குச்சியின் மருந்து ஒரு பக்கம், பெட்டிப் பட்டையின் மருந்து ஒரு பக்கம்; இரண்டும் விலகி இருக்கும்வரை சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரியலாம். உரசினால்தான் வினை.

எங்கள் வீட்டில் உரசியது பாச்சை உருண்டை. அதற்குப் பிறகு நாங்கள் தெரிந்துகொண்டவை, மாற்றிக்கொண்டவை கீழே.

1. பாச்சை உருண்டை நாப்தலீனால் ஆனது. அது உருகாமலே ஆவியாகும். சேலைப் பெட்டி மணப்பது அதனால்தான். பிள்ளை அதை வாயில் போட்டுவிட்டால் பெரிய ஆபத்து. ஆனால் வாயில் போடாமலே, மூச்சாலும் தோலாலும்கூட உள்ளே போகும். இந்தக் குறை உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு உருண்டைகூட இருக்கக் கூடாது. "மேல் தட்டில்தானே வைத்திருக்கிறேன்" என்ற பேச்சு வேண்டாம். பீரோ, புத்தக அலமாரி, கம்பளி மூட்டை, சாமிக்குச் சாத்தும் பட்டு வைத்த டப்பா, குளியலறை ஓட்டை, கைகழுவும் தொட்டி எல்லாம் தேடுங்கள். எங்கள் வீட்டில் கடைசி உருண்டை கிடைத்தது தாத்தாவின் கல்யாணக் கோட்டுப் பையில். எடுத்ததை நெகிழிப் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள். அடுப்பில் போடாதீர்கள்.

2. பெட்டியில் கிடந்த துணியை ஒருமுறை அலசிப் போட்டால் மணம் போனமாதிரி இருக்கும். மடித்து வைத்து மறுநாள் முகர்ந்தால் மறுபடியும் வரும். சோப்புப் போட்டுத் துவைத்து, திறந்த வெளியில் நாலைந்து நாள் வெயிலும் காற்றும் படக் கொடியில் போடுங்கள். மடித்து ஒரு ராத்திரி வைத்து முகர்ந்து பாருங்கள். மணம் இருந்தால் திரும்பவும் கொடிக்கு. கரிசல் வெயிலைத் திட்டாத வாய் இங்கே இல்லை. இந்தக் காரியத்துக்கு மட்டும் அது தோது.

பேறுகாலத்துக்கென்று பழைய சேலை தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். நாப்தலீன் எண்ணெயில் கரையும். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து, அந்த மேனியோடு பெட்டிச் சேலையில் கிடத்தினால், தோல் வழியாக இன்னும் சுலபமாக உள்ளே இறங்கும். அக்கா தினமும் செய்தது அதைத்தான். தேங்காய் எண்ணெயிலும் தப்பில்லை, சேலையிலும் தப்பில்லை; இரண்டுக்கும் நடுவில் அந்த உருண்டை இருந்ததுதான் தப்பு.

3. பிறகு பூச்சிக்கு என்ன செய்வது? நம் ஊரில் பாச்சை உருண்டை வருவதற்கு முன்னும் பட்டுச்சேலை இருந்தது. நிழலில் காய்ந்த வேப்பிலை, நொச்சி இலை, இடித்த வசம்பு, கிராம்பு இவற்றைத் தனித்தனியாக மெல்லிய துணியில் முடிந்து மூலைக்கு ஒன்றாகப் போடலாம். இலையைப் பச்சையாகப் போட்டால் ஈரம் கோத்துத் துணியில் கறை விழும். உளுந்தும் பாசிப்பயறும் வைக்கிற குலுக்கைக்கு எது காவலோ அது துணிக்கும் காவல்தான். ஒன்று சொல்ல வேண்டும்: இவை பாச்சை உருண்டை அளவுக்கு உறைக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைக் காலிசெய்து, பட்டை மடிப்பு மாற்றி, பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வைத்தால்தான் பலன். சோம்பேறிகளுக்குத்தான் உருண்டை. நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சியில் இருந்தவள்.

வசம்பு துணிப் பெட்டியோடு நிற்கட்டும். அதைச் சுட்டு உரைத்துக் கைக்குழந்தை நாக்கில் தடவும் பழக்கத்தைப் பிள்ளை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

4. சூடமும் பாச்சை உருண்டையும் ஒன்றல்ல. சூடம் இந்தக் குறையோடு சேர்ந்து வினை செய்வதாக உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளை விழுங்கினால் வலிப்பு வரும். ஆகவே அதையும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

5. மூத்திர நிறம் பார்க்கப் பழகுங்கள். நீர் குறைவாகக் குடித்தாலும் மூத்திரம் அடர் மஞ்சளாகும், அது வேறு. சிவப்பணு உடையும்போது வருவது தேயிலைத் தண்ணீர், கருப்பட்டிக் காப்பி, கோலா நிறம். பெரிய பிள்ளை என்றால் வெள்ளைப் பீங்கான் கோப்பையில் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எவர்சில்வர் தம்ளரில் நிறம் ஏமாற்றும். கைக்குழந்தை நனைத்த துணியையோ டயப்பரையோ தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். அக்கா கொண்டுபோன அந்த ஈரத் துணிதான் எங்கள் டாக்டரம்மாவை இரண்டாவது கேள்வியைக் கேட்க வைத்தது.

ஒவ்வாத பொருள் பட்ட ஒன்று முதல் மூன்று நாளுக்குள் இது தெரியவரும். வெளுப்பு, அசதி, வேகமான மூச்சு, வேகமான நெஞ்சுத் துடிப்பு, கண்ணில் மஞ்சள், இவற்றோடு கறுத்த மூத்திரம் என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

6. கண் மஞ்சளானதெல்லாம் கல்லீரல் நோய் இல்லை. சிவப்பணு உடைந்தாலும் மஞ்சள் ஏறும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். கீழாநெல்லியைப் பழிக்கவில்லை, ரத்தம் உடைந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அதை அரைத்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு நாள் திரும்பி வராது. முதலில் ரத்தப் பரிசோதனை.

7. இந்தக் குறிப்பைத்தான் நான் அடிக்கோடிட்டுச் சொல்வேன். நோய் உச்சத்தில் இருக்கும்போது ஜி6பிடி பரிசோதனை செய்தால் முடிவு "இயல்பு" என்று வந்துவிடலாம். காரணம் எளிது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். வயசான அணுக்களில்தான் இந்த நொதி மிகக் குறைவு. அவைதான் முதலில் உடைந்து போகின்றன. மிஞ்சி நிற்பதும் புதிதாகப் பிறந்து வருவதும் இளசு. அவற்றில் நொதி கொஞ்சம் கூடுதல். போதாததற்கு ரத்தம் வேறு ஏற்றியிருந்தால், பரிசோதிப்பது அடுத்தவர் ரத்தத்தையும் சேர்த்துத்தான். விளைச்சலில் பழுதான கதிரையெல்லாம் முதலில் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் காட்டிக் காடு நல்லாத்தான் விளைந்திருக்கிறது என்று சொல்வதுபோல.

எங்கள் பிள்ளைக்கும் முதல் முடிவு இயல்பு என்றுதான் வந்தது. வீடே நிம்மதியானது, பெட்டி மறுபடி மூடப்பட்டது. மூன்று மாதம் கழித்துத் திரும்ப வரச்சொன்ன சீட்டை அக்கா காலண்டர் ஆணியில் குத்தி வைத்திருந்தாள், அதனால் தப்பித்தோம். இரண்டாம் முறை குறைபாடு தெளிவாகத் தெரிந்தது. ஆகவே சந்தேகம் இருந்தால் இரண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். எப்போது என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

8. ஒரு அட்டை எழுதுங்கள். மேலே பெயர், ரத்த வகை. கீழே "ஜி6பிடி குறைபாடு உண்டு" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும். அதற்குக் கீழே ஆகாத மருந்துகள்: மலேரியாவுக்கான பிரைமாகுயின், டாஃபினோகுயின், தொழுநோய்க்கும் சில தோல் நோய்களுக்கும் தரும் டாப்சோன், மூத்திரக் கடுப்புக்குத் தரும் நைட்ரோஃபியூரன்டாயின், சில புற்றுநோய் சிகிச்சைகளில் போடும் ராஸ்புரிகேஸ், மெத்திலீன் நீலம். முழுப் பட்டியலை உங்கள் டாக்டரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை ரேஷன் கார்டு வைக்கிற உறையில் வையுங்கள். அவசரத்தில் எந்தக் கரிசல் வீட்டிலும் முதலில் கையில் அகப்படுவது அதுதான். இன்னொன்றைப் போனில் படமாக எடுத்து வையுங்கள்.

மூத்திரக் கடுப்பு என்று மெடிக்கல் கடையில் போய் நின்று "ரெண்டு மாத்திரை குடுங்க" என்று கேட்கிற பழக்கம் இந்த வீட்டில் கூடாது. வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்காமல் காட்டில் நின்று நமக்கெல்லாம் வருகிற கடுப்புதான் அது. ஆனால் கடைக்காரர் கை நீட்டுகிற அட்டையில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாரசிட்டமால் கொடுப்பதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. தடுப்பூசிகளை இதைச் சாக்காக வைத்துத் தள்ளிப்போட வேண்டாம்.

9. பழைய கதைகளைக் கேளுங்கள். பரிசோதனை முடிவு வந்த அன்றுதான் ஆச்சி வாயைத் திறந்தாள். அவள் தம்பி ஒருவன் மூன்று வயசில் "காமாலை கண்டு" செத்துப்போனானாம். இன்னொரு தம்பி, பட்டாளத்தில் இருந்தவர், வடகிழக்கில் இருந்தபோது மலேரியா மாத்திரை தின்று "ரத்தமா ஒண்ணுக்குப் போய்" ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். ஐம்பது வருசமாக அது வீட்டில் வேடிக்கைக் கதை. இந்தக் குறையின் மூலமே அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. பிரைமாகுயின் தின்ற சிலருக்கு மட்டும் ஏன் ரத்தம் உடைகிறது என்று அமெரிக்காவில், இல்லினாய் மாகாணச் சிறைக் கைதிகளிடம் ஆராய்ந்தார்கள் (கைதிகளை வைத்துச் செய்த அந்த ஆராய்ச்சி முறையே இன்றைக்கு ஒப்புக்கொள்ளத் தக்கதல்ல, அது தனிக்கதை). 1956-ல் ஆல்விங், கார்சன் முதலியோர் குற்றவாளி இந்த நொதிக் குறைவுதான் என்று எழுதினார்கள். எங்கள் பட்டாளத்துத் தாத்தா அதைப் படித்திருக்க மாட்டார். நாங்களும் அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

10. யாரிடம் கேட்பது? அம்மா வழியில். இது எக்ஸ் குரோமசோமில் வருகிற குறை. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அது அம்மா தந்தது. ஆகவே பிள்ளைக்கு வந்திருந்தால் அம்மாவின் கூடப்பிறந்த மாமாமார், அம்மாவின் அக்கா தங்கச்சி பிள்ளைகள், ஆச்சியின் தம்பிமார் என்று விசாரியுங்கள். அப்பாவுக்கு இருந்தால் மகன்களுக்கு அவரிடமிருந்து போகாது. மகள்கள் எல்லோரும் கடத்துவோராக இருப்பார்கள். பெண்களுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் பெரும்பாலும் பாதிப்பு லேசு. சிலருக்கு லேசாக இருக்காது.

அக்கா மகளைக் கட்டுவதும் மாமன் மகளைக் கட்டுவதும் நம் பக்கம் இன்னும் நடக்கிறது. தாய்மாமனுக்கு இந்தக் குறை இருந்து, அக்கா மகளும் கடத்துபவளாக இருந்தால், பிறக்கும் பெண் பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேரலாம். முறைப்பெண் பேச்சு எடுக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை; சாதகம் பார்க்கிற செலவில் பாதிகூட ஆகாது.

"தாய்வழியா வந்துச்சு" என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டில் ஒரு பெரியம்மா, பிள்ளையின் அம்மாவை முகம் சுளிக்கப் பேசினாள். பிள்ளையைப் பெற்றவளும் தன் அம்மாவிடம் வாங்கித்தான் தந்திருக்கிறாள்; அந்த அம்மாவும் அப்படியே. மலேரியா ஆட்டிப்படைத்த நாடுகளில் இந்தக் குறை கூடுதலாகக் காணப்படுகிறது. மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பாற்றியதால்தான் தலைமுறை தாண்டி நிலைத்தது என்று மரபியலார் சொல்கிறார்கள். பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப நல்லதுதானா கெட்டதா?" என்றாள். நல்ல கேள்விதான்.

11. சாப்பாட்டில் நிச்சயமாகத் தவிர்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஃபாவா அவரை. வடக்கே பாக்லா என்பார்கள். அகராதிகள் சில இதை மொச்சை என்று மொழிபெயர்த்து வைத்திருப்பதால் வந்த குழப்பம் கொஞ்சமல்ல. நாம் மானாவாரியில் போடுகிற மொச்சை வேறு செடி. உளுந்து, பாசிப்பயறு, துவரை, நிலக்கடலை எதற்கும் தடை இல்லை. பருப்பு வகை முழுவதையும் ஒதுக்கச் சொல்லும் பட்டியல்களைப் பார்த்துப் பிள்ளைகளைப் பட்டினி போடாதீர்கள். புவிசார் குறியீடு வாங்கிய கடலை மிட்டாய் ஊரில், கடலை மிட்டாய் தின்னாதே என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது கொடுமை.

ஆபத்து வருவது ஊரைத் தாண்டிய பிறகு. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிற பையன்கள் அங்கே காலையில் ரொட்டியோடு தொட்டுத் தின்பது ஃபூல். அது முழுக்க ஃபாவா அவரை. எகிப்து வகை ஃபலாஃபலிலும் அதுதான். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் வறுத்த தின்பண்டப் பொட்டலங்களிலும் இருக்கும். பெட்டி கட்டும்போது ஊறுகாய் பாட்டிலோடு எட்டாம் குறிப்பில் சொன்ன அட்டையையும் வைத்து அனுப்புங்கள். பால் கொடுக்கும் தாயும் ஃபாவா அவரையையும் மேலே சொன்ன மருந்துகளையும் தவிர்ப்பது நல்லது.

12. மருதாணி. இலையில் நிறம் தருகிற லாசோன் என்ற பொருள் இந்தக் குறை உள்ள கைக்குழந்தைகளின் ரத்தத்தை உடைத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பிள்ளை உள்ளங்காலில் வட்டம் வைத்து அழகு பார்க்கிற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

13. அதே வயிற்றில் அடுத்த பிள்ளை பிறந்தால், பிரசவ அறையிலேயே சொல்லிவிடுங்கள். இந்தக் குறையோடு பிறக்கும் பிள்ளைகளுக்குப் பிறந்த சில நாளில் வரும் மஞ்சள் கடுமையாக ஏறி மூளையைத் தாக்கக்கூடும். முதல் 24 மணி நேரத்துக்குள் தெரியும் மஞ்சள், உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கிய மஞ்சள் இரண்டுமே உடனே பார்க்க வேண்டியவை. இளவெயிலில் காட்டுவது நீலவிளக்குச் சிகிச்சைக்கு ஈடாகாது. பக்கத்துக் கேரளத்தில் அரசு மருத்துவமனையில் பிறக்கும் பிள்ளைக்குச் செய்கிற ரத்தப் பரிசோதனைகளில் இதுவும் ஒன்று. இங்கே நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

14. எல்லாவற்றையும் ஒதுக்கினாலும் சாதாரணக் காய்ச்சலே சிவப்பணுவை உடைக்கலாம். கிருமித் தொற்றுதான் இதற்கு மிகச் சாதாரணமான காரணம். காய்ச்சல் வந்தால் மூத்திர நிறத்தையும் சேர்த்துக் கவனியுங்கள்.

15. ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் "குடும்பத்தில் யாருக்காவது மயக்கம் தெளியத் தாமதமாச்சா?" என்று கேட்பார். "தெரியல" என்று சொல்லிவிடாதீர்கள். இந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது வேறொரு நொதி, வேறொரு பரம்பரைக் கதை; வீட்டுப் பழங்கதையைக் கேட்டு வைத்தால் இங்கேயும் உதவும் என்பதால் சொல்கிறேன். தசையைத் தளர்த்தப் போடும் சக்சமெத்தோனியம் ஊசி சில நிமிடங்களில் தெளிய வேண்டியது; பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி இல்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் தானாக மூச்சு வராது, செயற்கைச் சுவாசத்தில் வைத்திருக்க வேண்டும். ஆரிய வைசியச் சமூகத்தாரிடம் இது கூடுதலாகக் காணப்படுவதையும் அதற்குரிய மரபணு மாற்றத்தையும் மனோகரன் முதலிய ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்டார்கள். பருத்திக்கும் மிளகாய்க்கும் மருந்தடிக்கிற நம் பக்கத்துக்கு இதில் இன்னொரு சேதி உண்டு: பூச்சிமருந்து விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவும் இதே வகை நொதியின் அளவைத்தான் எடுப்பார்கள். பிறவியிலேயே அளவு குறைந்தவரை விஷம் ஏறியவர் என்று நினைத்துவிட இடமிருக்கிறது. வீட்டில் தெரிந்திருந்தால் சொல்லுங்கள்.

16. விருந்தாளி வீடு, கல்யாண மண்டபம், விடுதி அறை: போனதும் பிள்ளையை இறக்குமுன் அலமாரியைத் திறந்து முகருங்கள், கழிப்பறையை ஒரு பார்வை பாருங்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சிலர் முகம் கோணுவார்கள், கோணட்டும்.

17. ஆச்சியின் தகரப் பெட்டியை என்ன செய்வது என்று கேட்காதவர் இல்லை. துணியையெல்லாம் எடுத்துவிட்டு, உள்ளே சோப்புத் தண்ணீர் விட்டு இரண்டு முறை கழுவி, மூடியைத் திறந்து மொட்டைமாடியில் மூன்று வாரம் போட்டோம். தகரத்துக்கு அது போதும். மரப்பெட்டி மணத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். பிள்ளை இருக்கும் வீட்டில் அதை வைக்காமல் இருப்பதே மேல். இப்போது தகரப் பெட்டியில் வசம்பு மணக்கிறது. ஆச்சி திறந்து பார்த்துவிட்டு, இது எம் பொட்டியே இல்லை என்கிறாள்.